முதுகில் இருந்தவர் சொன்னது

அக்கா, இந்தப் பெட்டி உங்கள் காலில் இடிக்கிறதா? இடித்தால் சொல்லிவிடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். உடைகிற சாமான் எதுவும் இல்லை, புத்தகம்தான். பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் கூலிமுக்கா? நான் பாடாங் செராயில் இறங்கவேண்டும். இறங்கவேண்டும் என்றுதான் போன வாரமும் ஏறினேன். நிறுத்தம் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். கூலிம் வரைக்கும் போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு தே ஓ, பால் விடாத டீதான், குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் சுங்கைப்பட்டாணிக்கே திரும்பிவிட்டேன். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். வீட்டில் அம்மா கேட்டார், "பார்த்தியாடா அவர?" என்று. "வீட்டுல ஆள் இல்லம்மா" என்றேன். அம்மா நான் வாங்கிக்கொண்டு போன பிஸ்கட் டின்னை அப்படியே அலமாரியில் எடுத்து வைத்தார். இன்றைக்குக் காலையில் அதை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்தார்.

புத்தகத்தைப் பார்க்கிறீர்களா? தாராளமாக எடுங்கள். படக்கதைதான். பிள்ளைகளுக்கு வரைந்தது. உள்ளே புரட்டுவதற்கு முன்னால் அட்டையைப் பாருங்கள். எல்லாரும் அட்டையைத்தான் பாராட்டுவார்கள். ஒரு இளவட்டப் பையன் கூட்டாளியை முதுகில் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டு வரிசைப் பாதையில் ஓடுகிறான் இல்லையா, அவர்தான் என் தாத்தா, தங்கவேலு. முதுகில் இருப்பவர் சன்னாசி. காலில் துணி சுற்றியிருக்கிறது பாருங்கள், அது புண். பின்னால் ரப்பர் பால்மரங்கள். இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு வருவதற்கு நான் எத்தனை தாளைக் கிழித்துப் போட்டேன் தெரியுமா. தாத்தா முகம் எனக்கு அத்துப்படி. சன்னாசியின் முகத்துக்குத்தான் படம் கிடையாது. கண்ணாடியைப் பார்த்து என் முகத்தையே கொஞ்சம் மாற்றிப் போட்டேன். மூக்கைப் பாருங்கள், தெரியும்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை அக்கா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு புத்தகத்தை, பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு படித்த புத்தகத்தை, பெட்டியில் போட்டுக் கயிறு கட்டித் திருப்பிக் கொடுத்தால் மனம் கஷ்டப்படுமா படாதா?

நான் பேனர் கடையில் வேலை செய்கிறேன். கோயில் திருவிழா, பிறந்தநாள், கருமாதி, எல்லாம் ஒரே மிஷினில்தான் வரும். கோமளா டீச்சர் விளையாட்டுப் போட்டிக்கு பேனர் அடிக்க வந்தார். நான் கழிவுத் தாளில் கிறுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க கதையா வரைவீங்களா?" என்று கேட்டார். பள்ளியில் வரலாற்றுக் கழகம் அவர் பொறுப்பு. "சயாம் ரயில்னா இதுங்க ஹாட்யாய்க்கு டூர் போற ரயில்னு நெனைக்குதுங்க தம்பி. நான் வாயால சொன்னா கொட்டாவி விடுதுங்க. படம் போட்டா பார்க்குமோ என்னமோ" என்றார்.

எனக்குத் தேடிப் போகவேண்டிய வேலையே இல்லை. சயாம் கதை எங்கள் வீட்டிலேயே இருந்தது. நான் பிறந்ததிலிருந்து கேட்ட கதை. மற்ற வீடுகளில் பிள்ளைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவார்கள், எங்கள் வீட்டில் தாத்தா சயாமைச் சொல்லி ஊட்டுவார். யாராவது விருந்தாளி வந்தால் போதும், தே கலக்கி வருவதற்குள் தாத்தா ஆரம்பித்துவிடுவார்.

கதை இதுதான். ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டம். சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு, உடுத்துவது சாக்கு. ஒரு நாள் கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்கர், என் தாத்தாவைக் கூப்பிட்டு விடுகிறார். ரப்பர் ஸ்டோரில் ஜப்பான்காரர்கள் சும்மா சினிமா காட்டப் போகிறார்கள், இன்றைக்கு ஆண்களுக்கு, நாளைக்குப் பெண்களுக்கு, நீ போய் எல்லாரையும் கூப்பிடு என்கிறார். ஏன் தாத்தாவை? அவர் தொண்டை அப்படி. தோட்டத்துச் சங்கு ஊதாத நாளில் தங்கவேலு கத்தினால் போதும் என்பார்கள். "சங்கு தங்கவேலு" என்றே பெயர். இப்போது நான் பேசுவது உங்களுக்கே கேட்கிறதோ இல்லையோ, ஆனால் தாத்தா தொண்டை ஊருக்கே தெரியும்.

தாத்தா லயம் லயமாகப் போய்க் கூப்பிட்டார். ஆட்களும் முகம் கழுவி, தலை சீவி, இருக்கிற நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வெள்ளைத்துணி கட்டியிருந்தது. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கிராணி கேட்டார். "சன்னாசி மட்டும் வரல." "ஏன்?" "கால்ல புண்ணுங்க." "போய்க் கூட்டிட்டு வா." தாத்தா போனார். சன்னாசி லயத்து வாசப்படியில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரமாட்டேன் என்றார். தாத்தா விடுவாரா? குழந்தையைத் தூக்கி அதன் அம்மா கையில் கொடுத்தார், சன்னாசியைத் தூக்கி முதுகில் போட்டார், குதிரை மாதிரி ஓடினார்.

இந்த இடம்தான் அக்கா கதையின் உச்சம். தாத்தா என்னைத் தூக்கி முதுகில் போட்டுக்கொள்வார். நான்தான் சன்னாசி. ஹால் முழுக்க ஓடுவார், சோபாவைச் சுற்றி, டிவி மேசையைச் சுற்றி. நான் அவர் முதுகில் குத்திக்கொண்டே சன்னாசி வசனத்தைச் சொல்லவேண்டும். சொல்வேன். வீடே சிரிக்கும். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொள்வார். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அம்மாவுக்கு இந்த மாதிரி வேடிக்கையெல்லாம் பிடிக்காது.

ஸ்டோர் வாசலில் தாத்தா சன்னாசியை இறக்கிவிட்டார். சன்னாசி நொண்டிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். பின்பக்கம் லாரி நின்றது. அவ்வளவு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சயாமுக்கு, ரயில் ரோடு போட. அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். சன்னாசி வரவில்லை.

தாத்தா தப்பித்தார். கெட்டிக்காரர். அதற்குப் பிறகும் லாரி வந்ததாம், ஆனால் தாத்தாவை எடுக்கவில்லை. கிராணி அவரை ஆபீசிலேயே எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டார். ஊரே கிழங்கு தின்ற மாதத்தில் எங்கள் வீட்டில் அரிசிச் சோறு இருந்தது என்பார். "எங்கம்மா என்னைச் சுத்திப் போட்டுச்சு" என்பார். அப்படி ஒரு யோகம் அவருக்கு. ஒன்று மட்டும் வேடிக்கை அக்கா. தாத்தா சாகிறவரைக்கும் தியேட்டரில் போய் ஒரு படம் பார்த்தது கிடையாது. சித்தப்பா டிக்கெட் எடுத்துக் கூப்பிட்டால்கூட, "எனக்குக் கண்ணு கூசும், நீங்க போங்க" என்பார். கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருப்பார், படம் விடுகிற வரைக்கும்.

சரி. நான் வரைந்தேன். ராத்திரி பகலாக என்று சொல்லமாட்டேன், கடை வேலை போக மிச்ச நேரத்தில் வரைந்தேன். ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம். பிள்ளைகளுக்குக் கதை என்றால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அக்கா. வெறும் சாவு, காலரா, சாட்டையடி என்று போட்டால் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். ஆகவே தாத்தாவைப் பிடித்தேன். தோழனைத் தூக்கிச் சுமக்கிற தோழன். பார்த்த உடனே யாருக்கும் பிடிக்கும்.

பிறகு ஒரு யோசனை வந்தது. பேச்சு வரும் பலூன் இருக்கிறதே, வாய்க்குப் பக்கத்தில் வட்டமாகப் போடுவோமே, அதில் ஒரே ஒரு பலூனை மட்டும் காலியாக விட்டேன். இதோ, எட்டாம் பக்கம் பாருங்கள். சன்னாசி முதுகில் இருக்கிறார், ஓடுகிறார்கள், அவர் வாயிலிருந்து பலூன், உள்ளே வெள்ளை. கீழே சின்ன எழுத்தில் "சன்னாசி என்ன சொல்லியிருப்பார்? நீங்கள் எழுதுங்கள்." டீச்சருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்பத்தான் தம்பி பிள்ளைங்க யோசிக்கும்" என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் தனித்தாளாக நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

ஏன் அந்தப் பலூன் என்று கேட்கிறீர்களா? ஏனோ, அதற்குள் எதைப் போட்டாலும் இடம் பத்தவில்லை. வரைகிறவனுக்குச் சில நேரம் அப்படி ஆகும்.

என்னை வகுப்புக்கே கூப்பிட்டார்கள். நானா? நாலு பேர் முன்னால் பேசினால் எனக்கு வேர்த்துவிடும். ஆனால் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். முதல் வரிசையில் குருபரன் என்று ஒரு வாயாடி. "சார், ஜப்பான்காரன் மீசையும் உங்க மீசையும் ஒரே மாதிரி இருக்கு சார்" என்றான். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தாள் எழுத ஆரம்பித்தார்கள். என்னவெல்லாம் எழுதினார்கள் தெரியுமா? "டேய் மெதுவாப் போடா, விழுந்துருவேன்." "உன் மேல வேர்வை நாத்தம்டா." "படம் முடிஞ்சா ரொட்டி சானாய் வாங்கிக் குடுப்பியா?" குருபரன் எழுதினான், "கிராப் கார் கெடைக்கலையாடா உனக்கு?" டீச்சரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் அதே குருபரன் எழுந்து நின்று கேட்டான். "சார், எல்லாரையும் கூப்பிட்டாரே அந்த அண்ணன், அவர் ஏன் சார் உள்ள போகல?"

எனக்குச் சட்டென்று பதில் வந்தது. வழக்கமாக எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் பதில் வரும், அன்றைக்கு அங்கேயே வந்தது. "அவரும் உள்ள போயிட்டா அப்புறம் இந்தக் கதைய யாருடா சொல்றது?" என்றேன். வகுப்பே சிரித்தது. குருபரன் மட்டும் உடனே உட்காரவில்லை. "இல்ல சார், அவருக்குத் தெரியுமா சார்?" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது.

பின்வரிசையில் தர்ஷிகா என்று ஒரு பிள்ளை. அமைதியான பிள்ளை. அவள் தாளில் ஒன்றுமே எழுதவில்லை. "என்னம்மா, ஒன்னும் தோணலையா?" என்றேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா சார்? எங்க தாத்தாவுக்கு ஒன்பதாங்கட்டைதான்" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பார்த்தீர்களா, புத்தகம் வேலை செய்கிறது, பிள்ளை வீட்டில் போய்ப் பெரியவர்களிடம் கேட்கப் போகிறது என்று நினைத்தேன். புத்தகம் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினேன். டீச்சரிடம்கூட சொன்னேன், "இதுக்குத்தான் டீச்சர் நான் வரைஞ்சது" என்று.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டியது. வெள்ளையாகவே இருந்தது. "தாத்தா சொன்னாரு, இதுல நீங்களே எழுதிக் குடுக்கணுமாம் சார். எங்க தாத்தாவோட அப்பாதான் சன்னாசியாம். அவர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குமாம்."

வாசப்படியில் மடியில் இருந்த அந்தக் கைக்குழந்தை, அக்கா. அங்கமுத்து என்று பெயர். எண்பது தாண்டிவிட்டது. பாடாங் செராயில் மகள் வீட்டில் இருக்கிறார்.

நான் அவர்களுடைய சொந்தப் பெயரைப் போட்டுத்தான் வரைந்திருந்தேன். தோட்டத்தின் பெயர், கிராணி, ஸ்டோர், எல்லாம் அப்படியே. உண்மை வரலாறு என்றால் பெயர் மாற்றக்கூடாது இல்லையா? அந்தக் குடும்பம் எங்கேயோ போய்விட்டது என்றுதான் தாத்தா சொல்வார். சன்னாசி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டதாம், போகும்போது எங்கள் லயத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "சொல்லிக்காமப் போயிருச்சு, கொழுப்பு" என்பார் தாத்தா.

கோமளா டீச்சர்தான் முதலில் அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தார். திரும்பிவந்து கடைக்கே வந்துவிட்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, அவங்கம்மா சாகுற வரைக்கும் அவர்கிட்ட சொன்னது ஒன்னே ஒன்னுதானாம். முதுகுல தூக்கிட்டுப் போனாங்கன்னு. யாரும்மான்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டாங்களாம். ஜப்பான்காரன்தான் தூக்கிட்டுப் போயிருக்கான்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு."

மிஷினில் பாதி வந்திருந்த பேனரை நான் கையால் நீவிக்கொண்டிருந்தேன்.

"அட்டைய மட்டும் கத்திரிச்சு சாமி மேடையில வச்சிருக்காரு தம்பி. அப்பா படம் ஒன்னுகூட இல்லையாம். பூ போட்டு வச்சிருக்காரு. எங்கப்பா மூக்கு இப்படித்தான் இருக்குமான்னு என்னைக் கேட்டாரு."

என் மூக்கு அக்கா.

"கோபமா டீச்சர்?" என்றேன். "கோபமெல்லாம் இல்ல. ரெண்டு கேள்விதான் கேட்டாரு. எங்கப்பா சிரிச்சுக்கிட்டா போனாரு? போறப்ப என்ன சொன்னாரு? அவ்வளவுதான். எங்கப்பா பேசி ஒரு வார்த்த நான் கேட்டதில்ல டீச்சர், அந்தத் தம்பிக்கு ஒன்னு தெரிஞ்சிருக்கும்போல இருக்கே, அதைச் சொல்லச் சொல்லுங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு."

அதோடு டீச்சர் விட்டிருக்கலாம். நேர்மையானவர், தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டார். அவர் பயந்துவிட்டார். "குடும்ப விவகாரம் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள வேணாம், அந்தத் தம்பிய புத்தகத்தத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாராம். அவ்வளவுதான். கயிறு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், அந்தப் பெரியவரே அட்டையைச் சாமி மேடையில் வைத்திருக்கிறார், அவருக்கே பிடித்திருக்கிறது, நடுவில் இவர்களுக்கு என்ன?

கேள்வி மட்டும்தான் பாக்கி. அதற்கும் நான் தயாராகத்தான் வந்திருக்கிறேன். போன மாதம் முழுக்க யோசித்து நல்ல வரிகளாக எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் மூத்தவர், கேட்டுச் சொல்லுங்கள், எது பொருத்தமாக இருக்கும்? "படம் பார்த்துட்டு வந்து எம்மகனுக்குக் கதை சொல்வேன்டா." இது எப்படி? இல்லையென்றால், "நீ இருக்கும்போது எனக்கு என்னடா பயம், தங்கவேலு." இது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சிரித்த முகத்துக்கும் பொருந்தும். பெரியவர் கேட்டால் மனம் நிறையும். டீச்சரிடம் இந்த இரண்டாவதைச் சொல்லிக் காட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது உங்க தாத்தா சொன்னதா தம்பி?" என்றார். "இல்ல டீச்சர், நான் எழுதினது" என்றேன். "பிள்ளைங்களுக்கு எத வேணும்னாலும் எழுதுங்க. அவருக்கு இல்லாதத எழுதிக் குடுத்துடாதீங்க" என்றார். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டார். எனக்கு வருத்தம்தான்.

அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா, என்ன எழுதட்டும்?" என்று. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "நீதானடா அந்த வசனத்த தெனமும் சொல்லுவ" என்றார். "அது விளையாட்டுக்கும்மா" என்றேன். அம்மா மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

என்னக்கா?

என்ன வசனமா?

அது ஒன்றுமில்லை. தாத்தா முதுகில் இருக்கும்போது நான் சொல்வேன் என்றேனே, அதுதான். சின்னப் பிள்ளை விளையாட்டு. அதைப் பலூனில் போட்டால் கதையே வேறுமாதிரி போய்விடும். அட்டையில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், உள்ளே வந்து அவர் அப்படிச் சொன்னால் ஒட்டாது. அதனால்தான்... இல்லை, இடமும் பத்தவில்லை.

சொல்லட்டுமா? சொல்வதற்கென்ன. நூறு தடவை, ஆயிரம் தடவை சொன்னதுதானே. தாத்தா குதிரை மாதிரி குதித்துக் குதித்து ஓடுவார். நான் இரண்டு கையாலும் அவர் முதுகில் குத்துவேன். குத்தினால்தான் அவருக்குப் பிடிக்கும், "நல்லாக் குத்து, சன்னாசி இதவிட பலமாக் குத்தினான்" என்பார். குத்திக்கொண்டே நான் கத்தவேண்டும்.

"டேய் தங்கவேலு, புள்ளைக்குக் காய்ச்சல்டா. எறக்கி விடுடா. புள்ளைக்குக் காய்ச்சல்டா."

அதற்கு தாத்தா, "உம்புள்ள எங்கயும் ஓடிறாதுடா" என்று சொல்லிக்கொண்டே இன்னும் வேகமாக ஓடுவார். இந்த இடத்தில்தான் எல்லாரும் சிரிப்பார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லையே அக்கா.

இல்லை, சிரிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. நானும் இப்போது... சொல்லும்போது வழக்கம்போல வரும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளைக்கு, அங்கமுத்துவுக்கு, அன்றைக்குக் காய்ச்சல் என்று அவருக்கே தெரியாது இல்லையா? யார் சொல்லியிருப்பார்கள்? அவருடைய அம்மாதான் வாயையே திறக்கவில்லையே. சிரித்தவர்களெல்லாம் மறந்திருப்பார்கள், இந்த உலகத்தில் அது எனக்கு ஒருத்தனுக்குத்தான் ஞாபகம் இருக்கும். எனக்கும், அடுப்படியில் நின்று கேட்ட அம்மாவுக்கும்.

குருபரன் கேட்டானே, தெரியுமா சார் என்று. அதற்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை. தாத்தாவிடம் நான் கேட்டதே இல்லை. அவ்வளவு தடவை முதுகில் ஏறியிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? அவர்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருப்பார்.

அது என்ன கோபுரம்? பாடாங் செராய் வந்துவிட்டதா? சீக்கிரம் வந்துவிட்டதே. இன்றைக்கு மழை வருகிறமாதிரி இருக்கிறது, வேண்டுமானால் அடுத்த வாரம்...

பெல்லை நீங்களா அழுத்தினீர்கள்?

சரி. சரிக்கா. இறங்குகிறேன். பெட்டி இங்கேயே இருக்கட்டும், உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்றால் கூலிம் பஸ் ஸ்டாண்டில் டிரைவரிடம் விட்டுவிடுங்கள். அட்டையைப் பார்த்து யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். தர்ஷிகா கொடுத்த இந்தத் தாள் ஒன்று போதும். பிஸ்கட் டின், இதோ, எடுத்துக்கொண்டேன்.

எழுதிக் கொடுக்கமாட்டேன். அவரால் இப்போது படிக்க முடியுமோ என்னவோ, வாயால்தான் சொல்லவேண்டும். வார்த்தையெல்லாம் மனப்பாடம், ஒன்றும் மாறாது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை அக்கா. அதை நான் ஒரே மாதிரிதான் சொல்லிப் பழகியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே.